மற்ற ஊசியில் என்ன இருந்தது?

முழங்கால் வலிக்கு நாம் வைத்திருக்கும் பெயரிலேயே ஒரு நோய்க்கணிப்பு இருக்கிறது. வீட்டில் "முட்டி தேய்ஞ்சுபோச்சு", "ஜவ்வு போயிருச்சு", "பசை வத்திப்போச்சு" என்கிறோம். மருத்துவமனைச் சீட்டில் அது மூட்டுத் தேய்மானம் ஆகிறது. செருப்படி தேய்வதையும் வண்டி அச்சில் மசகு வற்றுவதையும் போன்ற ஒரு படம் இந்தச் சொற்களுக்குள் ஒளிந்திருக்கிறது. படம் மனதில் பதிந்ததும் சிகிச்சையும் அதிலிருந்தே பிறந்துவிடுகிறது. மசகு வற்றினால் மசகு ஊற்ற வேண்டும் என்பதால் ஜெல் ஊசி பொருத்தமாகத் தெரிகிறது. தேய்ந்ததை வளர்க்க வேண்டும் என்பதால் சொந்த ரத்தத்திலிருந்து பிரித்த தட்டணுக்களும் ஸ்டெம் செல்களும் பொருத்தமாகத் தெரிகின்றன. உண்மையில் இந்த நோய் குருத்தெலும்போடு நிற்பதில்லை. மூட்டை உள்ளிருந்து போர்த்தியிருக்கும் சவ்வு அழற்சி கொள்கிறது, எலும்பின் விளிம்பு முளைவிடுகிறது, குருத்தெலும்புக்கு அடியிலுள்ள எலும்பு மாறுகிறது, தொடைத் தசை மெலிகிறது. எக்ஸ்ரே படத்தில் மூட்டு மோசமாகத் தெரிபவர்களில் வலியே இல்லாதவர்களும் உண்டு. படம் ஓரளவு நன்றாக இருந்தும் மாடிப்படி ஏற முடியாதவர்களும் உண்டு. வலியும் தேய்வும் ஒன்றுக்கொன்று நேரடியாகக் கணக்குத் தராத நோயில், எந்த ஊசி நல்லது என்று கேட்பவர் அதற்கு முன் இன்னொன்றைக் கேட்டாக வேண்டும்: நல்லது என்றால் எதைவிட? ஊசிகளைப் பற்றிய ஆய்வுகளைப் படிப்பவர் ஒவ்வொன்றிலும் முதலில் தேட வேண்டியது, ஒப்பிடுவதற்காக மற்ற ஊசியில் என்ன நிரப்பினார்கள் என்பதைத்தான். முப்பது ஆண்டுக் குழப்பத்தில் பெரும்பகுதி அந்த ஒரு கேள்வியைத் தவிர்த்ததால் வந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மூட்டு வலி ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. சில வாரம் அடங்கியிருக்கும், சில வாரம் தூங்கவிடாது. மனிதர்கள் மருத்துவரிடம் போவது அது உச்சத்தில் இருக்கும் நாளில்தான். உச்சத்திலிருந்து வலி தானாகவே கொஞ்சம் இறங்கும். அந்த இறக்கத்தின் புகழ் அன்றைக்குச் செய்த சிகிச்சைக்குப் போய்ச் சேரும். அதோடு எதிர்பார்ப்பும் சேர்கிறது. மூட்டுத் தேய்மானம் பற்றிய 198 ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளியான பகுப்பாய்வில், மருந்தில்லாத வெற்றுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு வலி குறைந்த அளவு புள்ளியியல் அலகில் 0.51. எந்தச் சிகிச்சையும் பெறாமல் காத்திருந்தவர்களுக்கு அது வெறும் 0.03. சிகிச்சை என்ற சடங்குக்கே இவ்வளவு வலிமை இருக்கிறது. அந்தச் சடங்குகளுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு. மூட்டுக்குள் போடும் வெற்று ஊசி, வாயால் விழுங்கும் வெற்று மாத்திரையைவிட 0.29 அலகு கூடுதலாக வலியைக் குறைக்கிறது என்று 2015இல் பன்னூருவும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். படுக்கையில் படுத்து, மருந்தால் துடைக்கப்பட்டு, நீண்ட ஊசி மூட்டுக்குள் இறங்குவதை உணரும் ஒருவரின் உடலும் மனமும், மாத்திரை விழுங்குபவருடையதைவிட அதிகம் எதிர்பார்க்கின்றன. ஆகவே வெற்று ஊசியாகப் போடப்படும் சலைன் (உப்புநீர்) ஊசியை "ஒன்றும் போடவில்லை" என்ற கணக்கில் வைக்க முடியாது. இந்தத் துறையில் எந்த மருந்தும் தாண்ட வேண்டிய கோடு அதுதான், அதுவும் உயரமான கோடு. 'ஊசிக்கு முன் வலி 7, பின் வலி 4' என்று மட்டும் சொல்லும் ஆய்வு, கோடே இல்லாத ஓட்டப்பந்தயம்.

அந்தக் கோட்டை ஓரளவேனும் தெளிவாகத் தாண்டியது மிகப் பழைய ஊசி. அமெரிக்க மருத்துவர் ஜோசப் ஹாலண்டர் ஹைட்ரோகார்ட்டிசோனை மூட்டுக்குள் செலுத்திய அனுபவத்தை 1951இல் வெளியிட்டார். அதன் வழிவந்த டிரையாம்சினோலோனும் மெத்தில்பிரெட்னிசோலோனும் இன்றும் புழக்கத்தில் உள்ளன. சவ்வின் அழற்சியை அடக்குவதே ஸ்டீராய்டின் வேலை. மசகு, வளர்ச்சி என்ற உருவகம் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. வீங்கிச் சூடான முட்டி இரண்டொரு நாளில் தணிவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் 27 ஆய்வுகளையும் 1,767 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்த 2015ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பாய்வு, பலன் வாரங்கள் செல்லச் செல்லத் தேய்ந்து ஆறாம் மாதத்தில் எதுவும் மிஞ்சவில்லை என்றது. ஆய்வுகளின் தரமும் பெரும்பாலும் தாழ்ந்தே இருந்தது. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2022 வழிகாட்டியில் இந்த ஊசியை முற்றாக ஒதுக்கவில்லை. மற்றவை பலிக்காதபோது யோசிக்கலாம், ஆனால் நிவாரணம் இரண்டிலிருந்து பத்து வாரம் என்று நோயாளியிடம் சொல்லுங்கள் என்கிறது. ஒரு மருந்தைப் பற்றி இதைவிட நேர்மையாகச் சொல்வது கடினம்.

திரும்பத் திரும்பப் போட்டால் என்ன ஆகும் என்பதில்தான் கவலை. மான்ட்ரியாலில் ரேனோல்ட் குழு 68 பேருக்கு இரண்டாண்டு மூன்று மாதத்துக்கொருமுறை 40 மில்லிகிராம் டிரையாம்சினோலோனோ சலைனோ போட்டு, எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளி குறையவில்லை என்று 2003இல் அறிவித்தது. பல ஆண்டு அந்த முடிவே ஆறுதலாக இருந்தது. பாஸ்டன் டஃப்ட்ஸ் மருத்துவ மையத்தின் மெக்அலின்டன் குழு அதே மருந்தை அதே அளவில் 12 வாரத்துக்கொருமுறை இரண்டாண்டு 140 பேரிடம் சோதித்து, எக்ஸ்ரேக்குப் பதிலாக எம்.ஆர்.ஐ.யால் அளந்து, 2017இல் முடிவை வெளியிட்டது. ஸ்டீராய்டு பெற்றவர்கள் இழந்த குருத்தெலும்புத் தடிமன் 0.21 மில்லிமீட்டர், சலைன் பெற்றவர்கள் இழந்தது 0.10. வலிக் குறைவில் இரு குழுவுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. எண்ணளவில் சலைன் குழுவே சற்று முன்னால் இருந்தது. சேர்க்கப்பட்டவர்கள் எல்லாரும் அல்ட்ராசவுண்டில் சவ்வழற்சி காட்டியவர்கள், அதாவது ஸ்டீராய்டு யாருக்கு அதிகம் உதவ வேண்டுமோ அவர்கள். 0.11 மில்லிமீட்டர் வேறுபாட்டை நோயாளி நடையில் உணர்வாரா என்ற மறுப்பு நியாயமானது. அந்த ஆய்வு அதற்கு விடை தரவில்லை. ஆனால் வலியில் லாபம் இல்லாதபோது, சிறிய இழப்பையும் ஏன் ஏற்க வேண்டும்? எப்போதாவது வீங்கிய முட்டிக்குப் போடும் ஒற்றை ஊசியை இந்தச் சான்று குற்றம் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கொருமுறை நாள்காட்டி பார்த்துப் போடும் வழக்கத்தைத்தான் சொல்கிறது. இன்னொன்றும் நம் ஊருக்கு முக்கியம். ஸ்டீராய்டு ஊசிக்குப் பின் சில நாட்கள் ரத்தச் சர்க்கரை ஏறும். முட்டி வலியும் சர்க்கரையும் ஒரே உடலில் குடியிருக்கும் தமிழ்நாட்டில், ஊசி போட்ட வாரத்தில் சர்க்கரையை அடிக்கடி பார்க்கச் சொல்வது சிகிச்சையின் பகுதியாகவே இருக்க வேண்டும்.

ஜெல் ஊசியின் கதை நீளமானது, கற்பிக்கும் பாடமும் அதிகம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் 1934இல் மாட்டுக் கண்ணின் உள்நீரிலிருந்து ஹயலுரோனிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதே பொருள்தான் மூட்டுத் திரவத்துக்கு அதன் வழவழப்பைத் தருகிறது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய எண்ட்ரே பலாஸ் சேவலின் கொண்டையிலிருந்து அதைச் சுத்தமாக எடுக்கும் வழியைக் கண்டார். அது பந்தயக் குதிரைகளின் மூட்டுக்குப் போனது, பிறகு மனித மூட்டுக்கு வந்தது. நோயுற்ற முழங்காலில் ஹயலுரோனிக் அமிலம் நீர்த்துப்போகிறது என்பதும் உண்மை. கருத்து அழகாக இருந்தது, வாய்மொழி மரபின் "பசை வத்திப்போச்சு" என்பதோடு கச்சிதமாகப் பொருந்தியது. அமெரிக்க எஃப்.டி.ஏ. 1997இல் ஹயால்கனுக்கும் சின்விஸ்குக்கும் அனுமதி தந்தபோது அவற்றை மருந்தாகக் கருதவில்லை, மருத்துவச் சாதனமாகக் கருதியது. மூட்டில் ஊற்றும் எண்ணெய்க்கு வேதிவினை எதுவும் இல்லை, வெறும் இயந்திர வேலைதான் என்பது அந்த வகைப்பாட்டின் அடிப்படை. ஆனால் ஊற்றிய பொருள் சில நாட்களுக்குள் மூட்டைவிட்டு வெளியேறிவிடுகிறது. ஆறு மாதம் நீடிப்பதாகச் சொல்லப்படும் பலனை, சில நாளில் வடிந்துவிடும் மசகு எப்படித் தரும் என்ற கேள்வியை அந்த உருவகத்தால் சமாளிக்க முடியவில்லை.

சான்று என்ன சொன்னது? ஸ்டீராய்டையும் ஜெல்லையும் நேருக்கு நேர் நிறுத்திய ஏழு ஆய்வுகளை, மொத்தம் 606 பேரை, 2009இல் பன்னூரு குழு தொகுத்தது. முதல் வாரங்களில் ஸ்டீராய்டு முன்னால். நான்காம் வாரத்தில் சமம். எட்டாம் வாரத்துக்குப் பின் ஜெல் முன்னால். 'ஸ்டீராய்டு சீக்கிரம் கேட்கும், ஜெல் நின்று கேட்கும்' என்று இன்றும் ஆலோசனை அறைகளில் கேட்கும் வாசகத்துக்கு இதுவே அடித்தளம். கணக்கு சரிதான், அதிலிருந்து எடுத்த பொருள்தான் தவறு. ஸ்டீராய்டின் பலன் சில வாரங்களில் தீர்ந்துபோகிறது என்பதை மேலே பார்த்தோம். தீர்ந்துபோன ஒன்றின் பக்கத்தில் நிற்கும் எதுவும் உயரமாகத் தெரியும், சலைன்கூட. டஃப்ட்ஸ் ஆய்வில் நடந்ததும் ஏறக்குறைய அதுவே. ஜெல்லின் நீண்ட பலன் ஜெல்லுடையதா, ஊசி என்ற நிகழ்வுடையதா என்பதை ஸ்டீராய்டோடு ஒப்பிட்டு ஒருநாளும் அறிய முடியாது. அதற்குச் சலைன் வேண்டும். ரூட்யஸ் குழு 2012இல் 89 ஆய்வுகளையும் 12,667 பேரையும் தொகுத்தது. எல்லாவற்றையும் சேர்த்தால் பலன் 0.37 அலகு, மதிக்கத்தக்க அளவு. ஆனால் பெரிய, முறையாக மறைத்து நடத்தப்பட்ட ஆய்வுகளை மட்டும் எடுத்தால் அது 0.11ஆகச் சுருங்கியது. பத்தாண்டு கழித்து பெரேரா குழு பி.எம்.ஜே. இதழில் 169 ஆய்வுகளையும் 21,163 பேரையும் கொண்டு அதையே மீண்டும் செய்தது. சலைன் போன்ற வெற்று ஊசியோடு ஒப்பிட்ட 24 பெரிய ஆய்வுகளில் கிடைத்த வேறுபாடு 0.08 அலகு. 100 மில்லிமீட்டர் வலிக்கோட்டில் அது 2 மில்லிமீட்டர். நோயாளி உணரக்கூடிய குறைந்தபட்ச வேறுபாடு ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். தீவிரப் பக்கவிளைவுகளின் விகிதமோ வெற்று ஊசியைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஒரு கேள்வியை இவ்வளவு மனிதர்களைக் கொண்டு இவ்வளவு முறை கேட்டு ஒரே விடை வந்த பிறகு அதைத் திறந்த கேள்வி என்று சொல்வதற்கில்லை. 2 மில்லிமீட்டருக்காக நடுத்தரக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் செலவழிப்பதைப் பார்க்கும்போது எனக்கு இதில் நடுநிலை பேச மனம் வரவில்லை.

அப்படியானால் வழிகாட்டிகள் ஏன் ஒன்றுபடவில்லை என்று கேட்கலாம். அமெரிக்க எலும்பு மருத்துவர் கழகம் 2013இல் ஜெல்லை வன்மையாக எதிர்த்தது, 2021இல் வழக்கமாகப் போட வேண்டாம் என்று தணிந்து சொன்னது. நைஸ் மறுக்கிறது. அமெரிக்க வாதநோய்க் கழகம் 2019இல் நிபந்தனையோடு எதிர்த்தது. அதே ஆண்டு ஓர்சி என்ற பன்னாட்டு அமைப்பு நிபந்தனையோடு ஆதரித்தது. இந்த முரண்பாடு பெரும்பாலும் எதிர் ஊசியைப் பற்றிய முரண்பாடுதான். பலவகைச் சிகிச்சைகளை ஒரே வலையில் கோத்து வரிசைப்படுத்தும் தொகுப்பாய்வுகள் உண்டு. 137 ஆய்வுகளைக் கொண்ட அப்படியொரு ஆய்வில், 2015இல், ஜெல் ஊசி 0.63 அலகோடு முதலிடம் பெற்றது. மாத்திரைகள் பின்னால் நின்றன. ஆனால் அந்த 0.63 வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டது. அதில் 0.29 வெற்று ஊசிக்கே உரியது என்று அந்த ஆய்வாளர்களே காட்டினார்கள். மிச்சத்தில் சிறிய ஆய்வுகளின் மிகை கலந்திருக்கிறது. ஊசியை ஊசியோடும் மாத்திரையை மாத்திரையோடும் ஒப்பிட்டால் அந்த முதலிடம் நிற்காது.

பி.ஆர்.பி. விஷயத்தில் நான் அவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன், ஏனெனில் சான்றே பிளவுபட்டிருக்கிறது. நோயாளியின் ரத்தத்தை எடுத்து, சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியை மூட்டுக்குள் செலுத்துவது இந்த முறை. தட்டணுக்களில் வளர்ச்சிக் காரணிகள் இருப்பது உண்மை. சொந்த ரத்தம் என்பதால் அச்சமும் குறைவு. சண்டிகர் பி.ஜி.ஐ.யில் பட்டேல், தில்லான் ஆகியோரின் குழு 78 பேரின் 156 முழங்கால்களைச் சலைனோடு ஒப்பிட்டு 2013இல் வெளியிட்ட ஆய்வு பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. பி.ஆர்.பி. பெற்றவர்களுக்குச் சில வாரங்களில் முன்னேற்றம் வந்தது, ஆறாம் மாதத்தில் சற்றுப் பின்வாங்கியது. ஒருமுறை போட்டதும் இருமுறை போட்டதும் சமமாகவே இருந்தன. ஆனால் அந்த ஆய்வின் சலைன் குழுவுக்கு முன்னேற்றமே இல்லை. உலகெங்கும் நூற்றுக்கணக்கான ஆய்வுகளில் சலைன் பெற்றவர்கள் மேம்பட்டிருக்க, இங்கு மட்டும் மேம்படவில்லை என்றால், மற்றவர்களுக்கு இருந்த எதிர்பார்ப்பு இவர்களுக்கு ஏதோ காரணத்தால் இல்லாமல் போயிருக்கலாம். கோடு தாழ்ந்த இடத்தில் தாண்டுவது எளிது. அடுத்து பொலோனியாவின் ரிட்சோலி நிறுவனத்தில் ஃபிலார்தோ குழு 192 பேரிடம் பி.ஆர்.பி.யை ஜெல்லோடு ஒப்பிட்டு, ஓராண்டில் வேறுபாடு இல்லை என்று 2015இல் சொன்னது. ஜெல் நல்ல மருந்து என்று நம்பியவர்களுக்கு அது பி.ஆர்.பி.க்கும் நற்சான்று. ஜெல் ஏறக்குறையச் சலைன்தான் என்று தெரிந்த நமக்கு அதே முடிவு வேறு பொருள் தருகிறது.

சிட்னியிலும் மெல்பர்னிலும் கிம் பென்னல் குழு நடத்திய ரிஸ்டோர் ஆய்வு 2021இல் வெளிவந்தது. மிதமான தேய்மானம் கொண்ட 288 பேருக்கு வாரமொன்றாக மூன்று ஊசிகள்; பாதிப்பேருக்கு பி.ஆர்.பி., பாதிப்பேருக்குச் சலைன். எல்லாரிடமும் ரத்தம் எடுத்தார்கள், யாருக்கு எது என்று யாரும் அறியாதபடி மறைத்தார்கள். ஓராண்டில் பத்துக்கு அளந்த வலி முதற்குழுவில் 2.1 குறைந்தது, இரண்டாம் குழுவில் 1.8. குருத்தெலும்பின் கனஅளவு முறையே 1.4 விழுக்காடும் 1.2 விழுக்காடும் குறைந்தது. வலியிலும் கட்டமைப்பிலும் வேறுபாடு இல்லை. இதற்கு ஆதரவாளர்கள் தரும் பதில் வலுவானது. பி.ஆர்.பி. ஒற்றை மருந்து இல்லை, எத்தனை தட்டணு, வெள்ளணு உண்டா இல்லையா, எத்தனை மில்லிலிட்டர் என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறுகிறது, ரிஸ்டோரில் செறிவு குறைவு, அதனால்தான் தோற்றது என்கிறார்கள். சீனத்தில் 610 பேரிடம் ஐந்தாண்டு நடந்து 2022இல் வெளியான ஓர் ஆய்வில் பி.ஆர்.பி. சலைனைவிட நன்றாக இருந்ததையும் சுட்டுகிறார்கள். செறிவு வாதத்தை நான் தள்ளிவிடவில்லை, அது சோதிக்கத்தக்க கருதுகோள். ஆனால் வாதத்தின் மறுமுனையையும் அவர்கள் ஏற்க வேண்டும். தயாரிப்பு முறையே பலனைத் தீர்மானிக்கிறது என்றால், எந்த முறையில் தயாரித்தது, எத்தனை தட்டணு என்று எண்ணாமல் இன்று தெருவுக்குத் தெரு விற்கப்படும் பி.ஆர்.பி.க்கு எந்த ஆய்வின் வெற்றியும் சான்றாகாது. தோற்ற ஆய்வைத் தயாரிப்பைச் சொல்லி விலக்கிவிட்டு, வென்ற ஆய்வைத் தயாரிப்பைக் கேட்காமல் எடுத்துக்கொள்ள முடியாது.

ஸ்டெம் செல்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனெனில் வாக்குறுதி பெரிது, இதுவரை கிடைத்தது சிறிது. இரு முழங்காலிலும் வலி கொண்ட 25 பேரின் ஒரு மூட்டில் அவர்களுடைய எலும்பு மஜ்ஜைச் செறிவையும் மறு மூட்டில் சலைனையும் போட்டு ஷப்பீரோ குழு 2017இல் பார்த்தபோது இரு முழங்கால்களும் ஏறத்தாழ ஒரே அளவு தேறின. மஜ்ஜைச் செறிவு, கொழுப்பிலிருந்து பிரித்த செல்கள், தொப்புள்கொடி செல்கள் ஆகிய மூன்றையும் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு 475 பேரிடம் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2023இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்தது. ஓராண்டில் மூன்றில் எதுவும் ஸ்டீராய்டை வெல்லவில்லை. சில வாரங்களில் தீர்ந்துபோகும் ஸ்டீராய்டை, பன்னிரண்டாம் மாதத்தில்கூட வெல்லாத ஒன்று குருத்தெலும்பை வளர்க்கிறது என்று நம்புவது கடினம். இந்தியாவில் பெங்களூரின் ஸ்டெம்பியூட்டிக்ஸ் உருவாக்கிய செல் மருந்துக்கு முழங்கால் தேய்மானத்துக்காக 2022இல் அனுமதி கிடைத்தது. அது வரையறுக்கப்பட்ட ஒரு தயாரிப்பு, தன் சொந்த ஆய்வுகளால் மதிப்பிடப்பட வேண்டியது. அதன் பெயரைச் சொல்லி, இடுப்பில் கொழுப்பெடுத்து முட்டியில் ஏற்றும் எல்லாச் சிகிச்சைக்கும் அனுமதி வந்துவிட்டதாகப் பேசுவது தவறு.

இதுவரை சொன்னதற்கு மிக வலுவான மறுப்பு நோயாளியின் பக்கத்திலிருந்து வருகிறது. சலைனோ ஜெல்லோ, எனக்கு வலி குறைந்தது, நான் கோயில் படி ஏறினேன், எண்களால் எனக்கென்ன? இந்த மறுப்பை மதிக்க வேண்டும். அவருடைய நிவாரணம் கற்பனை அல்ல. உடலில் நிகழ்ந்த உண்மையான மாற்றம் அது. ஆனால் நிவாரணம் உண்மை என்பதால் அதன் விலையும் நியாயமாகிவிடாது. ஜெல்லுக்கும் பி.ஆர்.பி.க்கும் ஆயிரங்களில் வாங்கும் தொகை உள்ளே இருக்கும் பொருளுக்காகத்தான் வாங்கப்படுகிறது, நிவாரணமோ பெரும்பாலும் ஊசியிலிருந்தும் நாட்களின் போக்கிலிருந்தும் வருகிறது. மூட்டுக்குள் போகும் ஒவ்வொரு ஊசியும் அரிதாகவேனும் கிருமித்தொற்றைக் கொண்டுவரக்கூடும் என்பதையும் மறக்கக் கூடாது. மருத்துவர்கள் சொல்லும் இன்னொரு மறுப்பு: சராசரிதான் பூஜ்யம், என் நோயாளிகளில் சிலருக்கு நன்றாகக் கேட்கிறது. இருக்கலாம். ஆனால் சலைன் பெற்றவர்களிலும் 'நன்றாகக் கேட்டவர்கள்' இருக்கிறார்கள். அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டியே அடையாளம் காட்டும் வழியைக் கண்டுபிடித்து, அதைச் சலைனுக்கு எதிராக நிரூபிக்கும் வரை, அது அனுபவத்தின் தோற்றமாகவே நிற்கும்.

எனில் உடற்பயிற்சிதானே விடை என்று சொல்லி முடித்துவிடுவது எழுதுபவருக்கு வசதி. அமெரிக்க இராணுவ மருத்துவமனைகளில் டைல் குழு 156 பேரை ஸ்டீராய்டு ஊசிக்கும் இயன்முறை சிகிச்சைக்கும் பிரித்து 2020இல் வெளியிட்ட முடிவு அதற்குச் சாதகமாகவே இருக்கிறது. வலி, விறைப்பு, இயக்கம் மூன்றையும் சேர்த்து 240 புள்ளிக்கு அளக்கும் கோலில், ஓராண்டு கழித்து ஊசிக் குழுவுக்கு 55.8, இயன்முறைக் குழுவுக்கு 37.0, குறைந்த புள்ளியே நல்லது. ஆனால் ஜெல்லுக்கு வைத்த கோட்டை இதற்கும் வைக்க வேண்டும். டென்மார்க்கில் பாண்டாக் குழு 206 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதி எட்டு வாரம் பயிற்சியும் கல்வியும் பெற்றது. மறு பாதிக்கு நான்கு ஊசிகள், உள்ளே இருப்பது சலைன் என்று அவர்களிடம் சொல்லியே போட்டார்கள். 2022இல் வந்த முடிவு: இரு பாதியும் வலியில் ஏறத்தாழ ஒரே அளவு தேறின. பயிற்சியை ஆதரிக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது கசப்பான செய்தி, அதை மறைப்பது நேர்மையாகாது. வலி என்ற ஒற்றை அளவில் பயிற்சியும் பெரிய மருந்து இல்லை. ஆனாலும் நான் அதன் பக்கமே நிற்கிறேன். காரணம், நடையும் தசைவலுவும் சர்க்கரைக்கும் இதயத்துக்கும் விழாமல் நிற்பதற்கும் செய்வதைச் சலைன் செய்யாது. தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டு வாசலுக்கே வருகிறது என்பதால் அது ஏட்டளவு யோசனையும் அல்ல. உடல் எடையின் பக்கம் கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறது. பருமனோடு முழங்கால் வலியும் கொண்ட 407 பேரிடம் எடைக்குறைப்பு மருந்தான செமாக்ளுடைடை 68 வாரம் சோதித்த ஆய்வில் மருந்து பெற்றவர்களுக்கு நூற்றுக்கு அளந்த வலி 41.7 புள்ளி குறைந்தது, வெற்று ஊசிக் குழுவில் 27.5. மூட்டைத் தொடாமல் வயிற்றில் போடும் ஓர் ஊசி மூட்டூசிகளில் பலவற்றைவிட அகலமான இடைவெளியைக் காட்டியிருக்கிறது. வெற்றுக் குழுவின் 27.5 எவ்வளவு பெரியது என்பதையும் கவனியுங்கள்.

ஊசிக்கு மிஞ்சும் இடம் குறுகலானது. திடீரென்று நீர்கோத்துச் சூடான முட்டி, தவிர்க்க முடியாத பயணம், அறுவைக்கு உடல் இடம்கொடுக்காத முதுமை. இங்கெல்லாம் ஒற்றை ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களை மீட்டுத் தரலாம், மருந்தின் விலையும் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். அந்த வாரங்களில் பயிற்சியைத் தொடங்கினால் இரண்டும் கைகோத்து வேலை செய்யும் என்ற எண்ணம் எல்லாருக்கும் எழும். கோபன்ஹேகனில் ஹென்றிக்சன் குழு அதையும் சோதித்தது: 100 பேரில் பாதிக்கு ஸ்டீராய்டு, பாதிக்குச் சலைன், இரு வாரம் கழித்து எல்லாருக்கும் 12 வாரப் பயிற்சி. பயிற்சி முடிந்த நாளில் இரு குழுவும் ஒரே இடத்தில் நின்றன. ஆகவே ஊசியைப் பயிற்சிக்கு முன்னுரையாக எழுதவும் சான்று இல்லை; அந்த வாரங்களின் வலிக்குறைவு வேண்டுமா என்பதை மட்டுமே நோயாளி தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. மூட்டு மாற்று அறுவைக்கு நாள் குறித்திருந்தால் அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் ஸ்டீராய்டு ஊசியைத் தவிர்ப்பது நல்லது, தொற்று அபாயம் கூடுகிறது. ஏற்கெனவே போட்டிருந்தால், போட்ட தேதியையும் மருந்தின் பெயரையும் சீட்டோடு எடுத்துப்போய் அறுவை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.